உள்காய்ச்சல்

துறைமுக அலுவலகக் கண்ணாடியில்
புதுப் படம் ஒட்டியிருந்தார்கள்,
விண்ணிலிருந்து எடுத்தது.
கோடையெல்லாம் அலாஸ்கா வளைகுடாவில்
வேர்க்குருவாய்ச் சிவந்து கிடந்த நீர்
நீலமாகியிருந்தது.
தணிந்துவிட்டது என்றார்கள்.
கோடியாக் கடைத்தெருவில் அன்று
காப்பிக்கு யாரும் காசு வாங்கவில்லை.

எனக்குப் படகில் எண்ணும் வேலை.
ஏறும் மீனை அளந்து, நிறுத்து,
பத்துக்கு ஒன்றின் வயிற்றைக் கீறி
ஈரலின் எடையைக் குறிக்க வேண்டும்.
பிடிப்பவர்கள் என்னோடு அதிகம் பேசமாட்டார்கள்.
அகிலீனா பேசுவாள்.
படகு அவளுடையது,
யாரோடும் எதையும் பேசலாம் அவள்.

ஜனவரி. தளத்தில் கணுக்கால் பனி.
கயிற்றில் இறுகியதைச் சுத்தியலால் தட்டி உடைத்து
முதல் கூண்டைத் தூக்கினோம்,
கட்டில் அகல இரும்புக் கூண்டு.
உள்ளே இரண்டு காட் மீன்.
அடுத்ததில் ஒன்று.
அதற்கடுத்ததில்
இரையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு நட்சத்திர மீன்,
தன் வீட்டுக்குள் வந்தவர்களைப் பார்ப்பதுபோல.

கீறினேன்.
தலை தகப்பனுடையது, உடல் மகனுடையது.
வெண்ணெய் நிறத்தில் உள்ளங்கையை நிறைக்கும் ஈரல்
விரல் நுனியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது.
தராசு முள் அசையலாமா என்று யோசித்தது.
பட்டினி என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

அகிலீனா வாளியில் கடலை மொண்டு
கையுறை கழற்றிக் கைவிட்டாள்.
"ஐஸ். படம் பொய் சொல்லவில்லை."
நெற்றியைத் தொட்டுவிட்டு
ஒன்றுமில்லை, தூங்கு என்று சொல்கிற குரல்.
ஆனாலும்
கட்டைவிரல் பருமன் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி
எண்பது பாகம் இறக்கச் சொன்னாள்.

பத்தாம் பாகத்தில் குளிர்காலம்.
இருபதில் குளிர்காலம்.
நாற்பதில், கொஞ்சம் தயங்கி, குளிர்காலம்.
அறுபதில்
சென்ற கோடை இருந்தது.

போகவே இல்லை அது.
வெப்பம் மேலேறும் என்று பள்ளியில் படித்தோம்,
உப்புக் கனத்தால் வெப்பமும் அமிழும் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
மழையும் ஆறும் கலந்த லேசான குளிர் மேலே,
கரித்துக் கனத்த கோடை கீழே.
பனி பூத்த நெருப்பு.
விண்ணில் சுற்றும் கண்ணுக்கு
கடல் என்பது தோல் மட்டும்.

நாலு டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் ஆறரை.
இரண்டரைதானே, என்பீர்கள்.
மீனுக்குத் தனியாக உடல்சூடு கிடையாது,
நீருக்கு எத்தனையோ அதற்கும் அத்தனை.
நீர் கொதிக்க வேண்டாம்,
சற்றே வெதுவெதுத்தால் போதும்,
பசி இரட்டிக்கும்.
தின்றது தின்றதுபோல எரியும்.
உயிரோடிருப்பதற்கே உண்டதெல்லாம் செலவாகி
முட்டைக்கென்று எடுத்துவைக்க மிச்சமிராது.
இட்ட முட்டைகளோ
அடித்தரையில் ஒட்டிக் கிடப்பவை.
போர்வையை உதறவோ
இன்னும் குளிர்ந்த இடம் தேடவோ தெரியாதவை.

அந்த எண்ணை அகிலீனா
மூன்று முறை வாசிக்கச் சொன்னாள்.
மூன்றாம் முறை
எஞ்சினைப் பார்த்தபடி கேட்டாள்.
மிச்சக் கூண்டுகளை நாங்கள் தூக்கினோம்.
தூக்கவேண்டியிருந்ததால் தூக்கினோம்.

கரையில் மீன் ஆலை வாசலில் நெமேசியோ,
ரப்பர் மேலாடையுடன்,
இலோகோஸ் ஊருக்குப் பணம் அனுப்பும் நாள் அவனுக்கு.
எத்தனை டன் என்று வாயெடுத்தவன்
படகு தண்ணீரில் நின்ற உயரத்தைப் பார்த்து
வாயை மூடிக்கொண்டான்.

அகிலீனா நேரே அலுவலகம் போனாள்.
கண்ணாடியிலிருந்து படத்தை உரித்தாள்.
பின்பக்கம் வெள்ளை.
மேலிருந்து கீழாக ஒரு கோடு,
பத்துப் பத்தாய்ப் பாகங்கள்,
அடியில் ஆறரை.
பின்பக்கம் வெளியே தெரிய
அதே பசையில் திருப்பி ஒட்டினாள்.
ஒரு மூலை ஒட்டவில்லை,
காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

நெமேசியோ அதை நின்று படித்தான்.
பிறகு கடைக்குள் போய்
நேற்றுக் குடித்த காப்பிக்குக்
காசு வைத்தான்.